போலீஸ் ஒப்பந்தத்தில் 3.5% உயர்வு: என் சொத்து வரி எவ்வளவு ஏறும்?

கேள்வி: நியூ ஜெர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் டவுன்ஷிப் (ஊர் நிர்வாகம்), போலீஸ் சங்கத்தோடு 4 வருட ஒப்பந்தம் போடப்போகிறது. ஆண்டுக்கு 3.5% சம்பள உயர்வாம். எங்கள் வரி எவ்வளவு கூடும்? கவுன்சில் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பதில்: உங்கள் வரி அப்படியே 3.5% ஏறிவிடாது. நீங்கள் கட்டுவதில் ஏறக்குறையப் பாதி பள்ளிகளுக்குப் போகிறது. மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டிக்கும் ஒரு பங்கு உண்டு. மிச்சத்தில்தான் டவுன்ஷிப் நடக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: போலீஸ் சம்பளம் மொத்தம் 12 மில்லியன் டாலர் என்றால், 3.5% என்பது 4,20,000. ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 4 பில்லியன், உங்கள் வீட்டு மதிப்பீடு 5 லட்சம் என்றால், உங்கள் தலையில் விழுவது ஆண்டுக்கு 52 டாலர் சொச்சம். அடுத்தடுத்த ஆண்டு உயர்வுகள் அதன்மேல் ஏறும்.

ஆனால் செலவு அந்த 3.5 சதவீதத்தோடு நிற்பதில்லை. ஒப்பந்தத்தில் 'ஸ்டெப் கைடு' என்ற, வருடா வருடம் படிப்படியாக ஏறும் சம்பள அட்டவணை இருக்கும். முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். 50,000 டாலரில் சேர்பவர் 10 படிகளில் 1,30,000 டாலரைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி 8,000 டாலர். அதாவது பொது உயர்வே இல்லாவிட்டாலும் புதியவருக்கு அடுத்த வருடம் 16% கூடும். பெரும்பாலோர் மேல்படியில் இருக்கும் ஊருக்கு இந்தச் சுமை குறைவு. இளைஞர்கள் நிறைந்த ஊருக்கு அதிகம். அதனால் பக்கத்து ஊரும் 3.5% தானே கொடுத்தது என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

ஓய்வூதியமும் இந்தச் சம்பளத்தை ஒட்டியதுதான். போலீஸ்காரர் சம்பளத்தில் 10% ஓய்வூதிய நிதிக்குக் கட்டுகிறார்; ஊர் கட்டுவது அதைவிடப் பல மடங்கு.

பேச்சுவார்த்தை முறிந்தால் போலீஸார் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. நடுவர் சொல்வதே முடிவு, இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தும். 2011 முதல் நடுவர் கொடுக்கும் உயர்வுக்கு 2% உச்சவரம்பு இருந்தது. 2017 கடைசியோடு அது காலாவதியானது. ஊர் வசூலிக்கும் வரிக்கான 2% வரம்பு மட்டும் இன்றும் இருக்கிறது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, கடன் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு, சம்பளத்துக்குக் கிடையாது. எனவே போலீஸ் சம்பளம் வேகமாக ஏறும்போது சாலையும் பூங்காவும் காலிப் பணியிடங்களை நிரப்புவதும்தான் அடி வாங்குகின்றன. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். போலீஸாருக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்காக எதைக் குறைக்கிறோம் என்பதை மக்களிடம் மறைக்கக் கூடாது.

எடுக்காத மருத்துவ விடுப்புக்கான பணத்தையும் பாருங்கள். 2010 மே 21க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஓய்வு பெறும்போது மட்டும், அதிகபட்சம் 15,000 டாலர் என்பது மாநிலச் சட்டம். ஆனால் 2022இல் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் ஆராய்ந்த 60 ஊர்களில் 57 ஊர்கள் விடுப்புப் பணம் பற்றிய சட்டங்களைச் சரியாகப் பின்பற்றவில்லை. உங்கள் ஊர் ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவை வரிவரியாகப் படிப்பது வீண்போகாது.

சாலைப் பணி நடக்கும் இடத்தில் வண்டியோடு நிற்கும் போலீஸாரைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். அந்தக் கூலியைப் பெரும்பாலும் வேலை எடுத்த நிறுவனமே தருகிறது.

பழைய ஒப்பந்தம், மாநிலத்தின் அரசு ஊழியர் உறவு ஆணையமான 'பெர்க்'கின் (PERC) இணையதளத்தில் கிடைக்கும். போலீஸ் ஒப்பந்தங்களுக்கென்று செலவுச் சுருக்கப் படிவமும் அங்கே உண்டு. இரண்டையும் படித்துவிட்டு, வாக்கெடுப்புக்கு முன்பே டவுன்ஷிப் நிதி அதிகாரியிடம் இதைக் கேளுங்கள்: "படி உயர்வு, ஓவர்டைம், ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து 4 ஆண்டுக்கும் மொத்தம் எத்தனை டாலர்? ஆண்டுவாரியாக எழுத்தில் தருவீர்களா?" கையெழுத்தான பிறகு கேட்டால், அடுத்த ஒப்பந்தம் வரை எதையும் மாற்ற வழியில்லை.