மினுங்கும் கல் ஒன்று கிடைத்தது. அது தங்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லை வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தங்கம் எந்தக் கோணத்திலும், நிழலில்கூட, ஒரே மஞ்சளாகத்தான் தெரியும். ஒரு பக்கம் பளிச்சிட்டு மறுபக்கம் மங்கினால் பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. ஊசியால் கிளறினால் ஏடு ஏடாக உரியும்.

பலரை ஏமாற்றுவது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சதுரக் கட்டிகளாக, முகங்களில் மெல்லிய கோடுகளோடு இருந்தால் அநேகமாக அதுதான். டைல்ஸின் பின்பக்கம் மெருகில்லாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான். தங்கம் மஞ்சள் கோடு போடும். பைரைட் பச்சை கலந்த கறுப்பாகப் போடும். அப்புறம் ஒரு சின்னத் துகளைச் சுத்தியலால் தட்டுங்கள். தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கும்.

எடையும் உதவும். சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் இருக்கும், பைரைட் சுமார் 5 கிராம்தான். இதைத்தான் அடர்த்தி என்பார்கள். ஆனால் வெண்கல்லில் இழையாகத் தங்கம் ஓடினால் மொத்தக் கல்லின் அடர்த்தி குறைவாகவே காட்டும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆங்கிலேயக் கடலோடி மார்ட்டின் ஃப்ரோபிஷர் 1578இல் கனடாவின் பாஃபின் தீவிலிருந்து ஆயிரம் டன்னுக்கு மேல் 'தங்கத் தாது' என்று இங்கிலாந்துக்குக் கப்பலில் கொண்டுபோனார். அத்தனையும் வெறும் கல்.

தயவுசெய்து வீட்டில் அமிலம் ஊற்றாதீர்கள், கல்லைச் சுடாதீர்கள். சூடான பைரைட்டிலிருந்து நச்சான கந்தக டை ஆக்சைடு வரும். பைரைட் என்று உறுதியானாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம். அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சுரங்கங்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத தங்கம் பைரைட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அதை ஆய்வகப் பரிசோதனையில் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.