விண்மீன்களை அடையாளம் காட்டி, புராணக் கதையும் சொல்லும் கருவி வாங்கலாமா?

வேண்டாம், கையிலிருக்கும் போனே போதும்.

இந்த ரகத்தில் பேர்போனது தொலைநோக்கி நிறுவனமான செலஸ்ட்ரான் 2006இல் கொண்டுவந்த ஸ்கைஸ்கௌட். வீடியோ கேமரா போலக் கையடக்கமானது. அதன் வழியே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் பெயர் வரும். பிரபலமானவற்றுக்கு ஹெட்போனில் கதையும் ஓடும். இருப்பிடமும் நேரமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து, திசை காந்த உணரியிலிருந்து, சாய்வு முடுக்கமானியிலிருந்து. மீதி வெறும் கணக்கு. இந்த மூன்றும் இப்போது போனிலேயே இருக்கின்றன. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் கிரேக்க உருவங்களை மாற்றிவிட்டு வேறு பண்பாடுகளின் வானத்தையும் பார்க்கலாம். காந்தம் வைத்த போன் உறையை மட்டும் கழற்றிவிடுங்கள், திசை தப்பும்.

'ஸ்மார்ட் டெலஸ்கோப்' விளம்பரத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்றால், அது வேறு சமாச்சாரம். அந்த ரகத் தொலைநோக்கியான சீஸ்டார் எஸ்50 ஒரே நேரத்தில் காட்டுவது ஏறத்தாழ ஒன்றேகால் டிகிரி நீளமுள்ள துண்டு. வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டமோ 20 டிகிரிக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதிலுள்ள நெபுலா என்ற வாயு மேகத்தின் படம் அருமையாக வரும், வேட்டைக்காரன் வரமாட்டான். அறைக்கூரையில் பச்சைப் புள்ளி தெளிக்கும் விளக்குகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கதையில்தான் நான் கறார். வானத்தில் சரிபார்க்க முடிகிற கதைகளைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள். ஓரியனைத் தேள் கொன்றதாம். ஏப்ரல் பின்பாதியில் இரவு ஒன்பதரை வாக்கில் பாருங்கள்: கிழக்கில் விருச்சிகம் தலைகாட்டும், மேற்கில் ஓரியன் இறங்கிக்கொண்டிருக்கும். தட்சனின் 27 பெண்களைக் கட்டிய சந்திரனுக்கு ரோகிணி மேல்தான் ஆசை என்கிறது நம் கதை. மாதாமாதம் நிலா ரோகிணிப் பக்கம் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2015 முதல் 2018 வரை அதை மறைத்தபடியே கடந்துபோனது.

அருந்ததியையும் தேடுங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நடு நட்சத்திரமான வசிஷ்டரை ஒட்டிய மங்கலான புள்ளி. செயலி பகலிலும் வேலை செய்யும் என்பதால், கல்யாணத்தில் புரோகிதர் விரல் நீட்டும் இடத்தையும் சோதிக்கலாம். சென்னையில் வைகாசிக் காலை முகூர்த்தம் என்றால் அருந்ததி அடிவானத்துக்குக் கீழே இருப்பாள். மணமேடையில் போனை நீட்டுவது உங்கள் பாடு, புரோகிதர் பாடு.