பச்சைக்கறியா, கிபிளா? பெங்களூர் நாய் வளர்ப்போருக்குப் பதில்கள்

நாய்க்குப் பச்சைக்கறி (வேகவைக்காத இறைச்சி) நல்லதா, கிபிள் (கடையில் பாக்கெட்டில் வரும் உலர்ந்த நாய் உணவு) நல்லதா என்று பெங்களூரில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் இதே ஊரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்.

ஃபிரேசர் டவுன்: டாக்டர், எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நாலு மாதம். நாய் ஓநாய் வம்சம், அதற்குப் பச்சைக்கறிதான் சரி என்று விற்றவர் சொன்னார். எலும்பில்லாத கறி மட்டுமே போடுகிறோம். இப்போது முன்கால் வளைந்த மாதிரி தெரிகிறது. தூக்கினால் கத்துகிறது.

இன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதுவரை மாடிப்படி ஏறவோ சோபாவிலிருந்து குதிக்கவோ விடாதீர்கள். வெறும் கறியில் ஒரு பங்கு கால்சியத்துக்குப் பதினைந்து, இருபது பங்கு பாஸ்பரஸ் இருக்கும். குட்டிக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கால்சியம். சாப்பாட்டில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறி, ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும். சின்னக் குதிப்புக்கே முறியக்கூடிய எலும்பு அது. சீக்கிரம் சாப்பாட்டை மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும்.

ஓநாய் கதைக்கு வருகிறேன். ஓநாய் வெறும் கறியைத் தின்று வாழ்வதில்லை. எலும்பு, ஈரல், குடல் எல்லாம் தின்னும். 2013இல் வந்த மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளும் நாயிடம் 4 முதல் 30 வரையும் இருப்பது தெரிந்தது. மனிதனோடு சேர்ந்து சோறு தின்னப் பழகிய உயிர் இது.

அதே வாசகர்: அப்படியென்றால் கால்சியம் சிரப் வாங்கிக் கொடுக்கட்டுமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான நல்ல கிபிளுக்கு மாறினால் தேவையான கால்சியம் அதிலேயே இருக்கும். அதற்கு மேல் சிரப்பும் ஊற்றினால், தேவைக்கு மிஞ்சியதை ஒதுக்கித் தள்ள இந்த வயதில் குடலுக்குத் தெரியாது; எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். ஊரெல்லாம் லாப்ரடார் குட்டிக்குக் கிபிளோடு சிரப்பும் கொடுக்கிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

பனஸ்வாடி: நாங்கள் சைவம். வளர்ந்த நாய்தான். ராகிக் களியும் தயிர்சாதமும் போதுமா சார்? ராகியில்தான் நிறையக் கால்சியம் இருக்கிறதே?

தானியங்களில் ராகிக்குத்தான் முதலிடம், உண்மை. ஆனாலும் 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்தான். வளர்ந்த நாய்க்கே ஈரம் நீக்கிய உணவில் 100 கிராமுக்குக் குறைந்தது 500 வேண்டும், குட்டிக்கு 1200. தயிர்சாதத்தில் புரதமும் குறைவு. முட்டை போடலாம் என்றால் தினமும் வேகவைத்துப் போடுங்கள். இல்லையென்றால் ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்று அச்சிட்ட சைவக் கிபிளே மேல். பூனைக்கு இது ஆகாது; அதற்கு மாமிசம் வேண்டும்.

சிவாஜிநகர்: மார்க்கெட்டில் வாங்கும் கோழியை ஃப்ரீசரில் வைத்துப் பச்சையாகவே போடுகிறோம். குளிரில் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது. சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் ஃப்ரீசரில் பெருகாமல் கிடக்கும், அவ்வளவுதான். நாய் நன்றாக ஓடியாடிக்கொண்டே மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றும். அது உங்கள் குழந்தையின் கையை நக்கும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ, புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவரோ இருந்தால் பச்சைக்கறி வேண்டவே வேண்டாம்.

ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் கறிக்கடையில் இலவசமாக வாங்கிப் பச்சையாகப் போடுவது இன்னும் மோசம். அதில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். நாயின் குடலில் வளர்ந்த புழுவின் முட்டை மலம் வழியாக மனிதருக்கு வந்தால், நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். நன்றாக வேகவைத்துவிட்டால் இந்தப் பயம் இல்லை.

கம்மனஹள்ளி: வெந்த கோழி எலும்பு?

கூடாது. கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

இந்திராநகர்: எங்கள் லாப்ரடாருக்கு ஏழு வயது, கிபிள் மட்டும்தான். கிபிள் போட்டால் கிட்னி போய்விடும் என்று நடைக்கு வருகிறவர்கள் பயமுறுத்துகிறார்கள் டாக்டர்.

ஆரோக்கியமான நாய்க்கு அப்படி ஆகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கிபிளில் ஈரம் பத்து சதவீதம் போலத்தான், அதனால் தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். நான் கவலைப்படுவது எடையைப் பற்றி. கிண்ணம் நிறையக் கொட்டி, மேலே குழம்பு ஊற்றி, சாயங்காலம் பிஸ்கட்டும் கொடுத்தால் எந்த லாப்ரடாரும் உருண்டைதான். குழம்பில் வெங்காயமும் இருக்கும். அது நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். 2002இல் வெளியான ஆய்வில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கப்பால் அள்ளாமல் தராசில் கிராம் பார்த்துப் போடுங்கள். விலாவில் கை வைத்தால், அழுத்தாமலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

கிலோ கணக்கில் சில்லறையாக விற்கும் கிபிளை வாங்காதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் அதில் உருவாகும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும்.

ஹெப்பால்: பச்சையும் வேண்டாம், கிபிளும் பிடிக்கவில்லை. வீட்டிலேயே சமைத்துப் போட வழி உண்டா?

தாராளமாக உண்டு. வெந்த கோழி அல்லது முட்டை, சோறு, பூசணியோ கேரட்டோ, வாரம் ஓரிரு முறை கொஞ்சம் ஈரல். உப்பும் மசாலாவும் வேண்டாம். கால்சியத்துக்குத் தினமும் முட்டை ஓட்டுப் பொடி, மாவாக அரைத்தது. இதிலும் துத்தநாகம், அயோடின், விட்டமின் டி, ஈ குறையும். உங்கள் மருத்துவரிடம் எடையைச் சொல்லி அதற்கான கலவையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு போகும். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள்.