மங்கிய சிவப்பு காருக்கு 28,000 ரூபாய் கோட்டிங் தேவையா?

கேள்வி: ஒத்தக்கடையில் வீடு. போர்டிகோ இல்லை, ஐந்து வருடமான சிவப்பு கார் தெருவில்தான் நிற்கிறது. மதியத்திலிருந்து மேற்கு வெயில் முழுக்க அதன் மேல். டாப்பும் பானட்டும் மங்கிவிட்டன. பம்பரிலும் சக்கரத்தைச் சுற்றியும் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் பூத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில், செராமிக் கோட்டிங் போட்டால் ஐந்து வருடத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது, 28,000 ரூபாய் என்கிறார்கள். மச்சான், டெஃப்லானே போதும் என்கிறார். எதைப் போடுவது?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் டாப்பைக் கழுவித் துடைத்துவிட்டு, விரலால் தடவிப் பாருங்கள். வெறும் மங்கல்தானா, அல்லது தோல் உரிந்த மாதிரி வெள்ளைத் திட்டு விழுந்து அதன் ஓரம் நகத்தில் தட்டுப்படுகிறதா? திட்டு இருந்தால் அந்த இடத்தில் மேல்பூச்சு போய்விட்டது. எதைப் பூசினாலும் அது திரும்பாது. டாப்பை மட்டும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். மங்கல் மட்டும் என்றால் சில ஆயிரம் ரூபாயில் காப்பாற்றிவிடலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வெறும் மங்கல்தான் என்று தோன்றுகிறது.

தகட்டுக்கு மேல் துருத்தடுப்பு, பிரைமர், நிறம், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 130 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து அதில்தான் கலந்திருக்கிறது. ஆக, வெயில் காப்பு உங்கள் காரில் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. அக்னி நட்சத்திர மதியத்தில் டாப் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது அடியிலிருக்கும் நிறத்தைக் காப்பதும் அதுதான். அதைத் தேயவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

தேய்ப்பது யார் என்றால், வெயிலைவிட வேகமாக ரப்பிங் மெஷின். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "பாலிஷ் போட்டுத் தந்துடறோம் சார்" என்பார்கள். காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வருகிறதே, அது மேல்தோலைச் சீவியதால் வரும் பளபளப்பு. ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் கழிகிறது, கழிந்தது வளராது. ஆறே வருடமான ஒரு கார் என்னிடம் வந்தது. எங்கும் இடித்ததில்லை, கீறலில்லை, ஆனால் பானட் விளிம்பில் பிரைமர் தெரிந்தது. உரிமையாளர் பழைய பில்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சர்வீஸிலும் பாலிஷ். காசு கொடுத்துத் தன் பெயின்ட்டைத் தானே சுரண்டக் கொடுத்திருக்கிறார் பாவம். சர்வீஸ் சென்டரில் நம்மிடம் பேசும் அட்வைசருக்கு மாதம் இத்தனை பாலிஷ் விற்க வேண்டும் என்று டார்கெட் வைக்கிறார்கள். வண்டிக்குத் தேவையா என்று யாரும் பார்ப்பதில்லை. இனி வண்டியை விடும்போது ஜாப் கார்டிலேயே "பாலிஷ், ரப்பிங் வேண்டாம்" என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கார்கள் பலவற்றில், அம்பாசடர் காலத்து வண்டிகளிலும் பழைய வெள்ளை மாருதி 800-களிலும், கிளியர் கோட்டே கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. அவற்றில் மேலே வெளுத்த பவுடர் மாதிரி பூத்திருக்கும். லேசாகப் பாலிஷ் போட்டால் அடியிலிருக்கும் நல்ல நிறம் வெளியே வரும். அங்கே பாலிஷ்தான் சரியான வைத்தியம். உங்கள் காரில் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எப்போதாவது இடித்து, வெளியே டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்திருந்தால், அந்த ஒரு கதவோ ஃபெண்டரோ மட்டும் கிளியர் இல்லாத பழைய லேக்கர் பெயின்ட்டாக இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு, ஓர் ஓரத்தில் கையால் தேயுங்கள். துணி அழுக்கானால் கிளியர் கோட் இருக்கிறது. துணியில் சிவப்பு ஏறினால் நீங்கள் தேய்ப்பது நிறத்தையே. ஒட்டு வேலை பார்த்த பாகத்தில் சிவப்பு ஏறினால் பயப்பட வேண்டாம், அங்கே கையால் லேசாகப் பாலிஷ் போடலாம். கம்பெனி பெயின்ட் இருக்கும் டாப்பில் சிவப்பு ஏறினால், அங்கே கிளியர் கோட் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துணியைக் கீழே வைத்துவிடுங்கள்.

சரி, செராமிக். மோசடிப் பொருள் என்று சொல்ல மாட்டேன். சிலிக்கா கலந்த திரவம், காய்ந்தால் ஓரிரு மைக்ரான் தடிமன் வரும். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் இவ்வளவு மெல்லிய பூச்சு ஐந்து வருட மேற்கு வெயிலை மறைத்துவிடும் என்பதை நம்பாதீர்கள். "9எச் கடினம்" என்று காட்டுவார்கள். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு, வைரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கோட்டிங் போடுவதற்கு முன்னால் ரப்பிங் மெஷினை வைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கேரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். குறிப்பிட்ட மாதத்துக்கு ஒருமுறை அங்கேயே பணம் கட்டிப் பராமரிக்க வேண்டும், பறவை எச்சத்துக்கும் உப்புத் தண்ணீர்க் கறைக்கும் பொறுப்பில்லை என்றெல்லாம் இருக்கும். நம் ஊரில் காரைக் கெடுப்பதே அவைதான். புது கார் வாங்குபவர்களுக்கு இதை ஆன்ரோடு விலையிலேயே கேட்காமல் சேர்த்துவிடுகிறார்கள். எந்தப் பொருள், எத்தனை லேயர் என்று பில்லில் எழுதுவதுமில்லை. எத்தனை வருடமாக நடக்கிறது, கேட்க ஆளில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அப்படிச் சிக்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கையில் பில் இருக்க வேண்டும்.

மச்சான் சொல்லும் டெஃப்லான், நான்ஸ்டிக் தோசைக் கல்லில் இருக்கும் அதே சரக்கு. அது உருகவே 327 டிகிரி வேண்டும். கல்லில் அதை உயர்ந்த சூட்டில் சுட்டுத்தான் பிடிக்க வைக்கிறார்கள். காரை அப்படிச் சுட முடியாது. அந்தப் பெயரில் போடுவது சாதாரணப் பாலிஷ்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் நிழல். நர்சரிக்குப் போடும் 75 சதவீத பச்சை நிழல்வலையைச் சுவரிலிருந்து நாலு குழாய் நட்டுக் கட்டுங்கள், தெருவை அடைக்காமல். எந்தக் கோட்டிங்கும் இதற்கு ஈடாகாது. டவுனில் காசு வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்த விடும் இடங்களில்கூட ஒரு கூரை போடத் தோன்றவில்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கவர் வேண்டாம். நாலுவழிச் சாலைப் புழுதி உள்ளே போய், ஆடிக் காற்றில் கவர் அசைந்து அசைந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

வாரம் ஒருமுறை நிழலில் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, போர் தண்ணீர் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். துணி சோப்புத் தூள் கூடாது. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாலிமர் சீலன்ட், அதாவது பெயின்ட்டைச் சீவாமல் மேலே படலமாகப் படியும் பூச்சு, வாங்கி நீங்களே கையால் பூசுங்கள். பாட்டிலில் "காம்பவுண்ட்" என்ற சொல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாசியில் ஒன்று கட்டாயம், கோடைக்கு முன்னால். வேப்பமரத்தடியில் நிறுத்தலாம், ஆனால் காக்கை எச்சத்தை அன்றைக்கே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக். டீசல், தேங்காய் எண்ணெய் எதையும் தடவ வேண்டாம், டிரைவர்கள் யார் சொன்னாலும் சரி. இரண்டு நாள் கறுப்பாகத் தெரியும். பிறகு புழுதியைப் பிடித்துக்கொள்ளும், டீசல் பட்டால் ரப்பர் பீடிங் ஊதிவிடும். ஷாம்பும் பிரஷும் போட்டுச் சுத்தமாகத் தேய்த்து, ஒருநாள் காயவிட்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிரிம் ரெஸ்டோரரைப் பஞ்சால் மெல்லியதாகத் தடவுங்கள். பக்கத்துப் பெயின்ட்டில் வழிந்தால் உடனே துடைக்க வேண்டும், அதனால் முதலில் ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.