சண்டையே இல்லாத 'அலெக்சாந்திரா' என்ற ரஷ்யப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

"ஒரு பாட்டி ஒன்றரை மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிறாள், இது போர்ப்படமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். என் அண்ணன் போய் 16 வருடம் ஆகிறது.

ரஷ்ய இயக்குநர் சொகூரோவ் 2007-இல் தந்த படம். பிரிந்துபோக நினைத்து ரஷ்யாவோடு போரில் சிக்கிய செச்சினியாவில் உள்ள ரஷ்ய ராணுவ முகாமுக்கு, அங்கே கேப்டனாக இருக்கும் பேரன் தெனீஸைப் பார்க்கப் பாட்டி வருகிறாள். கதை அவ்வளவுதான். பாட்டியாக நடித்த கலினா விஷ்னெவ்ஸ்கயா பெரிய ஓபரா பாடகி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டபோது பட்டினி கிடந்து பிழைத்தவர்.

அம்மாவோடு உட்கார்ந்து, வசனங்களைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கவச வண்டிக்குள் பாட்டி துப்பாக்கியை வாங்கிக் குறிபார்த்து விசையை அழுத்துவாள். இவ்வளவு சுலபமா என்பாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேரன் பாட்டியின் தலைமுடியைப் பின்னிவிடும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அம்மாவுக்குக் குனிய முடியாது. போன லீவில் அண்ணன்தான் தரையில் உட்கார்ந்து அவளுக்குக் கால் நகம் வெட்டிவிட்டான். "அவன் கை எப்படிச் சொரசொரன்னு இருந்துச்சு தெரியுமா" என்றாள்.

நான் ரஷ்ய ராணுவத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கிளம்ப வேண்டாம். சந்தையில் பழக்கமாகும் செச்சினியப் பெண் மலிகா, குண்டடிபட்ட கட்டடத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் பாட்டியைக் கூட்டிப்போய் டீ கொடுக்கிறாள். அந்தச் சுவர்களைப் பார்த்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் லீவில் வந்தால் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, கேன்டீன் பாட்டில் எங்கே என்பதுதான். போன தடவை அவன் பையைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கிடையாது. படத்தில் அந்தப் பாட்டி முகாமிலிருக்கும் பையன்களுக்குச் சந்தையிலிருந்து சிகரெட்டும் பிஸ்கட்டும் வாங்கி வருகிறாள். முன்பின் தெரியாத பையன்களுக்கு!

மீதிப் படத்தை அம்மா மறுநாள்தான் பார்த்தாள். பேரனை வேலையாக வெளியே அனுப்பிவிடுகிறார்கள், பாட்டியும் ரயிலேறிவிடுகிறாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்க விட்டிருக்கலாம்" என்றாள் அம்மா.