அந்த மூன்று வாரம்தான் காரணமா, டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயதில் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்தது. ஒரு வருடம் கீமோ கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் திரும்ப வந்துவிட்டது. அவன் போய் ஏழு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் கால் வலிக்குது என்று அழுதபோது, ஓடியாடுகிற பிள்ளைதானே என்று மூன்று வாரம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது என்னைத் தூங்க விடுவதில்லை. கணவர் அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒன்பது வயது மகள் "எனக்கும் வருமாம்மா?" என்று கேட்கிறாள். படத்தை எடுத்து உள்ளே வை, சீக்கிரம் இன்னொன்று பெற்றுக்கொள் என்கிறார்கள் வீட்டில். தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாத்திரையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மூன்று வாரத்தைப் பேசிவிடலாம்.

ஏ.எல்.எல். அதிகம் வருவது 2 முதல் 5 வயதுக்குள். எலும்பு மஜ்ஜையில் நோய்ச் செல்கள் நெருக்கிக்கொண்டு பெருகுவதால் கால் வலிக்கும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், முகம் வெளிறும். ஆனால் அந்த வயதில் கால் வலி என்று சொல்லாத பிள்ளை ஏது? அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் தைலமே போதும். நீங்கள் அன்றே ஓடியிருந்தாலும், டாக்டர் ஒரு சிரப் எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, மூன்று வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பானா? கண்ணில் வரும் புற்றுநோய் மாதிரி சிலவற்றில் தாமதம் உண்மையிலேயே பெரிய வித்தியாசம் செய்யும். ஏ.எல்.எல். அப்படி அல்ல. முடிவைத் தீர்மானிப்பது நோய்ச் செல்லின் மரபணு மாற்றம், தொடக்கத்தில் இருந்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, முதல் சில வாரக் கீமோவுக்கு நோய் எப்படி அடங்கியது என்பவைதான். உங்கள் மகனுக்கு மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே நோய் திரும்பியிருக்கிறது. அந்தச் செல்கள் மருந்துக்கு மசியாத வகை என்று பொருள். இப்படிச் சிகிச்சைக்கு நடுவில் திரும்பும் நோயைக் குணப்படுத்துவது எல்லா வசதியும் உள்ள நாடுகளிலும் கடினம். நீங்கள் கொடுத்த சாப்பாடோ, கர்ப்பத்தில் பட்ட கவலையோ, யாருடைய கண்ணேறோ இதைக் கொண்டுவரவில்லை.

ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று தோன்றினால், மகனைப் பார்த்த டாக்டரிடமே கேளுங்கள். இழப்புக்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பல பெற்றோருக்குக் கால் வராது, நியாயம்தான். ஆனால் ஃபைலை முன்னால் வைத்து, எந்த நாளில் என்ன நடந்தது என்று அவர் சொல்லக் கேட்பது, நான் எழுதும் எந்தப் பதிலைவிடவும் உங்களுக்கு உதவும்.

மகளுக்கு வருமா? உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதல், ஆனாலும் மிக மிகக் குறைவு. அறிகுறி எதுவும் இல்லாமல் அவளுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எடுக்காதீர்கள், பயம்தான் வளரும். அவள் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கலாம். "தம்பியோட சண்டை போட்டேனே, அதனாலயா?" இந்த வயதுப் பிள்ளைகள் இதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்காமலே நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள்: இது தொற்று நோய் இல்லை, நீ சொன்னதாலும் செய்ததாலும் வரவில்லை. "தூங்கிட்டான்", "ஊருக்குப் போயிருக்கான்" வேண்டாம். இறந்துவிட்டான் என்றே சொல்லுங்கள். ஒரு நிமிடம் அழுதுவிட்டு அடுத்த நிமிடம் விளையாடப் போவாள். அது மறதி அல்ல. அவளுடைய வகுப்பு டீச்சருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

கணவர் பேசாததை வைத்து அவருக்கு வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் ஆண் அழுதால் பத்துப் பேர் தேற்ற வருவதில்லை, பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். பேசச் சொல்லி வற்புறுத்துவதைவிட, ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லுங்கள்.

படம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களும் அவரும் மகளும் முடிவு செய்தால் போதும். இன்னொரு குழந்தைக்கு மருத்துவத் தடை எதுவும் இல்லை. ஆனால் போனவன் இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு சிசுவிடம் வேலை கொடுக்கக் கூடாது. அவசரப்படாதீர்கள்.

இப்போது மாத்திரை. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. சில தூக்க மாத்திரைகள் சீக்கிரம் பழக்கமாகிவிடும். மனநல மருத்துவர் கொஞ்ச நாளுக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏழு மாதத்தில் அழுகை நிற்காதது நோய் அல்ல. அவன் குரல் கேட்டது போல இருப்பதும் பலருக்கும் நடப்பதே. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, மகளைக் கவனிக்க முடியவில்லை, நாளுக்கு நாள் கனம் கூடிக்கொண்டே போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். "நானும் அவனோட போயிடணும்" என்ற எண்ணம் வந்தால், அது வெறும் ஏக்கம்தான் என்று ஒதுக்காதீர்கள். அன்றே கணவரிடமோ அக்கா தங்கையிடமோ சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

முதல் வருட திதியும் அவன் பிறந்த நாளும் வருவதற்கு முந்தைய வாரங்கள் இன்னும் கடுமையாக இருக்கும். ஆகவே ஆஸ்பத்திரிக்கு அதற்கு முன்பே போய்வந்துவிடுவது நல்லது. போன் செய்து, ஓபி கூட்டம் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோகும்.