நடுக்குவாதம் உள்ள அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை: துணைக்கு இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் தந்தைக்குப் பல ஆண்டுகளாகப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் இருப்பதாகவும், கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால் கோவையில் அறுவைச் சிகிச்சை செய்யவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே நோயுடன் இதே அறுவையைக் கடந்த எங்கள் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) துணையாக மருத்துவமனையில் தங்கியவன் நான். துணைக்கு இருப்பவரின் முதல் வேலை, மாத்திரை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வதே என்பேன்.

இந்நோய்க்குத் தரும் சிண்டோபா போன்ற மாத்திரைகளில் உள்ள லெவோடோபா எனும் மருந்து, இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். வார்டிலோ காலை, மதியம், இரவு என்றுதான் பெரும்பாலும் மருந்து கொடுப்பார்கள். வீட்டில் 6, 10, 2, 6 மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு அந்த இடைவெளி தாங்காது. உடல் விறைத்து விழுங்க முடியாமல் போகும். விழுங்க முடியாததால் அடுத்த மாத்திரையும் உள்ளே இறங்காது. எச்சிலும் கஞ்சியும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். மாத்திரையைத் திடீரென்று அடியோடு நிறுத்தினால், கடுங்காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. ஆகவே மாத்திரையின் பெயர், அளவு, மணி மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு படியைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றைக் கட்டில் அருகே ஒட்டிவையுங்கள்.

இரவு முதல் வெறும் வயிறு என்று சொல்லும்போது, அந்த விலக்கு மாத்திரைக்கும் பொருந்துமா என்று மயக்க மருத்துவரிடமே நேரில் கேளுங்கள். ஒரு மிடறு நீருடன் காலை மாத்திரையைக் கொடுக்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அறுவைக்குப் பின் விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வழியுண்டு என்பதையும் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

வாந்திக்கு வழக்கமாகப் போடும் மெட்டோகுளோபிரமைடு, பிதற்றலை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் ஆகிய இரண்டும் மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் எனும் வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து இந்நோயை மோசமாக்கும். இந்நோய்க்கான ரசாகிலின் அல்லது செலிஜிலின் மாத்திரை சாப்பிடுபவரானால், வலிக்குப் பெத்திடின், டிராமடால் கொடுப்பதற்கு முன் மருத்துவருக்கு அதை அவசியம் நினைவூட்டுங்கள்.

அறுவைக்குப் பிந்தைய முதல் சில இரவுகளில் முதியவர்களுக்கு மனக்குழப்பம் வருவது சாதாரணம்; மறதி நோய் இருந்தால் இன்னும் எளிதில் வரும். எங்கள் அப்பிச்சி நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, “கரண்ட் வந்துருச்சு சாமி, மோட்டாரைப் போடு, வாழைக்குத் தண்ணி கட்டோணும்” என்றார். இது ஆஸ்பத்திரி என்று வாதாடியபோதெல்லாம் அவருடைய பதற்றம் கூடியது. “போட்டாச்சுங்க அப்பிச்சி, தண்ணி பாயுதுங்க” என்று கையைப் பிடித்துச் சொன்னதும் படுத்துக்கொண்டார். கண்ணாடியையும் காது கருவியையும் கழற்றிப் பையில் போட்டுவிடாதீர்கள். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள். இரவில் பழகிய முகம் ஒன்று அருகில் இருக்கட்டும். ஊரிலிருந்து சொந்தபந்தம் வேன் பிடித்து வந்து பார்ப்பது நம் பக்கத்து வழக்கம்தான் என்றாலும், அந்தக் கூட்டமும் பேச்சும் அவரைக் களைப்படையச் செய்யும். வீட்டுக்கு வந்தபின் பார்க்கலாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

நடக்க வைக்கும் பயிற்சியையும், மாத்திரை சாப்பிட்டு அது வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் வைத்துக்கொள்ளும்படி பிசியோதெரபி நிபுணரிடம் கேளுங்கள். எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால், முதலில் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார வைத்து, அதன் பிறகே நிற்க வையுங்கள்.